வாய்க்கால் யார் வயல் வழியா போகுது? – மதுராந்தகம் ஏரியும் ஊரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததையும் நடுவில் கேட்ட லாரி ஹார்னையும் வெட்டியிருக்கேன். மற்றபடி பேசினது பேசினபடி.)

போன வாரம் எபிசோடு வரலையேன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. மன்னிக்கணும். வீட்டுல ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவைப் பத்தி யோசிக்கப் போய், எங்க ஊரைப் பத்தியே கொஞ்சம் படிக்க வேண்டியதாப் போச்சு. அதான் இன்னிக்கு எபிசோடு.

விஷயம் இதுதான். மதுராந்தகத்துல எங்களுக்கு ஏரி ஆயக்கட்டுல ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கு. அதை மனை போடறதுக்குக் கேட்டு ஒருத்தர் வந்தார். அப்பாவுக்கு முட்டி வலி, வரப்புல நடக்க முடியல. அக்கா திருச்சியில இருக்கா. நான் பரனூர்ல ரயில் இறங்கி, ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து கோடு எழுதறவன். நான்தான் முதல்ல சொன்னேன், "வித்துடலாம்பா"ன்னு. எக்செல் ஷீட்டுகூட போட்டுக் காட்டினேன். நெல்லுல வர்றது இவ்வளவு, வித்து பேங்க்ல போட்டா வட்டி இவ்வளவு. கணக்கு ரொம்பத் தெளிவா இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, எங்க வயலுக்குக் கீழ் வயல்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். எழுபது வயசு இருக்கும். திண்ணையில உட்கார்ந்து தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, "தம்பி, வித்துக்கோங்க. வாணாம்னு சொல்ல நான் யாரு? வாய்க்காலை மட்டும் வுட்டுட்டு வித்துக்கோங்க"ன்னார்.

எனக்குப் புரியல. எந்த வாய்க்கால்? எங்க பட்டாவுல வாய்க்காலே இல்லையே?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்த எபிசோடு.

ஊர்

தெரியாதவங்களுக்காக. சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல தெற்கே போனா தாம்பரம், செங்கல்பட்டு, பாலாத்துப் பாலம், அதைத் தாண்டி மதுராந்தகம். செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பர்ல காஞ்சிபுரத்துலேர்ந்து பிரிஞ்ச மாவட்டம் இது. கிழக்கே கல்பாக்கம், மாமல்லபுரம், கடல். மதுராந்தகம் ஒரு நகராட்சி. தாலுகா ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், உரக்கடை, நகைக்கடை, எல்லாம் இருக்கு. ஆனா நகரம்னு சொன்னா நாங்களே சிரிப்போம். அறுவடை சமயத்துல ரோட்டோரமா நெல்லு காயும். மழை மூட்டம் போட்டா டீக்கடையில பேச்சு நின்னுபோய், எல்லாரும் தார்ப்பாய் தேடி ஓடுவாங்க. பக்கத்துல படாளத்துல கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கறதால கரும்பு டிராக்டர் பின்னாடி பைக்ல ஊர்ந்து போறது எங்க ஊர்க்காரனுக்கு ரத்தத்துலயே வந்த பொறுமை.

இங்க பயிர்ப் பருவத்துக்குப் பேரே தனி. தஞ்சாவூர்ல குறுவை, தாளடின்னு சொல்வாங்க. நம்ம பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை. சித்திரை வாக்குல ஆரம்பிக்கிறது சொர்ணவாரி. ஆடி, ஆவணியில சம்பா. மார்கழி, தையில நவரை. காவிரி டெல்டாவுல ஆறுதான் எல்லாம். நம்ம பக்கம் பாலாறு வருஷத்துல பாதி நாளுக்கு மேல மணல்தான். அதனால ஏரி. செங்கல்பட்டு மாவட்டத்துல நீர்வளத் துறை கணக்குல மட்டும் 528 ஏரி. அதுல பெரியது எங்க ஊர் ஏரி.

பஸ் ஜன்னல் வழியா அதைப் பார்த்திருப்பீங்க. நிறைஞ்சா உயரம் 23.3 அடி. பழைய கணக்குப்படி கொள்ளளவு 694 மில்லியன் கன அடி. நேரடிப் பாசனம் மட்டும் ரெண்டாயிரத்து எண்ணூறு ஏக்கருக்கு மேல.

ஏரி எப்படி வேலை செய்யுது

ஏரின்னா நிறைய பேர் பெரிய குளம்னு நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன், கரையிலயே வளர்ந்தும்.

ஏரிக்கு ஒரு பக்கம்தான் கரை. பிறை நிலா மாதிரி வளைஞ்சு கிடக்கும். மேட்டுப் பக்கம் திறந்திருக்கும். மழைத்தண்ணி, ஆத்துத்தண்ணி அந்தப் பக்கமா வந்து சேரும். எங்க ஏரிக்கு முக்கியமா கிளியாறு. கரையில அங்கங்க மதகு இருக்கும். மதகைத் திறந்தா தண்ணி வாய்க்கால்ல இறங்கி வயலுக்குப் போகும். ஏரி நிறைஞ்சு மிச்சம் வந்தா, அது போறதுக்குக் கலங்கல்னு ஒரு தாழ்வான கல் கட்டடம். கலங்கல் வழியா வழியற தண்ணி திரும்பக் கிளியாத்துல விழுந்து, பாலாத்துல சேர்ந்து, வாயலூர் பக்கம் கடலுக்குப் போகும். கடல் தண்ணி உள்ள ஏறாம இருக்கவும் நிலத்தடி நீர் ஊறவும் இப்போ வாயலூர்ல ஒரு தடுப்பணை கட்டியிருக்காங்க.

நிறைய ஏரிங்க சங்கிலி மாதிரி. மேல் ஏரியோட கலங்கல் தண்ணி கீழ் ஏரிக்கு வரவு. சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஒவ்வொரு ஏரியும் ஒரு பஃபர். மேல ஒரு பஃபரை யாராவது அடைச்சா, கீழ இருக்கற சிஸ்டம் பட்டினி கிடக்கும். மேல ஒண்ணு உடைஞ்சா, கீழ எல்லாம் வரிசையா உடையும்.

வயலுக்குள்ளயும் அதே கதைதான். மதகுக்குப் பக்கத்துல இருக்கறவன் தலைமடை. கடைசியில இருக்கறவன் கடைமடை. பெரிய வாய்க்கால் எல்லா வயலையும் தொடாது. அதுலேர்ந்து ஒரு சின்ன கால் பிரிஞ்சு முதல் வயல் ஓரமா போகும், அங்கேர்ந்து ரெண்டாவது வயல், அங்கேர்ந்து மூணாவது. பல இடத்துல காலே கிடையாது. மேல் வயலை நிறைச்சு, வரப்பை வெட்டிக் கீழ் வயலுக்கு விடறதுதான்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. என் வயலுக்குத் தண்ணி வரணும்னா அது உங்க வயல் வழியாத்தான் வரணும். உங்களை எனக்குப் பிடிக்கலாம், பிடிக்காமப் போகலாம். ஆனா உங்ககிட்ட பேசாம நான் ஒரு பயிர் வைக்க முடியாது.

பேசித்தான் ஆகணும்

எங்க ஊருக்கு ஊர்த்தன்மை எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டா, என் பதில் இந்தக் கட்டாயம்தான்.

இது புதுசு இல்ல. மதுராந்தகத்துலேர்ந்து கொஞ்ச தூரத்துல உத்திரமேரூர். அங்க முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921 வருஷத்துது. குடவோலைத் தேர்தல்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். அந்தக் கல்வெட்டுல ஏரி வாரியம்னு ஒரு தனிக் குழுவே இருக்கு. வயசு முப்பத்தஞ்சுக்கு மேல, எழுபதுக்குக் கீழ இருக்கணும். முன்னாடி பொறுப்புல இருந்து கணக்குக் காட்டாதவன் நிக்க முடியாது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, ஏரிக்குன்னு தனியா ஆள் தேர்ந்தெடுத்திருக்காங்க.

அடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டு. 1763ல ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிரா கொடுத்தார். கம்பெனிக்கு வரி எவ்வளவு வரும்னு தெரியணும். அதுக்காக தாமஸ் பர்னார்ட்னு ஒரு இன்ஜினியர் 1767லேர்ந்து 1774 வரை சுமார் ரெண்டாயிரம் கிராமத்தை அளந்து கணக்கெடுத்தார். அதுல நெல்லு எப்படிப் பங்காச்சுன்னு வருது. களத்துல குவிச்ச நெல்லை உழுதவனும் சர்க்காரும் பிரிச்சுக்கறதுக்கு முன்னாடியே மேரைன்னு எடுத்து வெச்சுடுவாங்க. கோயிலுக்கு ஒரு பங்கு, கணக்குப்பிள்ளைக்கு ஒரு பங்கு, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர்னு தனித்தனிப் பங்கு. அந்த வரிசையில ஏரிக்கும் பங்கு இருக்கு. அதாவது மராமத்துச் செலவு லாபத்துலேர்ந்து போறது இல்ல, முதல்லயே எடுத்து வைக்கிறது. பட்ஜெட்ல மெயின்டெனன்ஸ் காசைத்தான் முதல்ல வெட்டுவோம் நாம. அவங்க தலைகீழா செஞ்சிருக்காங்க.

அதே நூற்றாண்டு கடைசியில கலெக்டரா இருந்தவர் லயனல் பிளேஸ். அவரை வெச்சுத்தான் ஏரி காத்த ராமர் கதை. மழைக்காலம் வந்தா கரை உடையுது, உடையுதுன்னு இருந்திருக்கு. கோயில்ல தாயார் சந்நிதி கட்டணும்னு ஊர்க்காரங்க கேட்டப்போ, "உங்க சாமி கரையைக் காப்பாத்தட்டும், கட்டறேன்"னாராம். அந்த வருஷம் பேய்மழை. ராத்திரி கரைக்குப் போனவர், வில்லோட ரெண்டு இளைஞர்கள் காவல் நிக்கறதைப் பார்த்தாராம். கரை உடையல. சந்நிதி கட்டினார். கோயில்ல கல்வெட்டுல அவர் பேர் இருக்கு.

நம்பறது நம்பாதது உங்க இஷ்டம். எனக்கு அந்தப் பேர்தான் ஆச்சரியம். வரம் கொடுத்த ராமர் இல்ல, அசுரனை அழிச்ச ராமர் இல்ல. ஏரி *காத்த* ராமர். ராத்திரி டூட்டி பார்த்த சாமி.

என் தாத்தா காலம் வரைக்கும் ஏரி நிறைஞ்சதும் கூட்டம் போடுவாங்களாம். எத்தனை அடி தண்ணி இருக்கு, எந்தத் தேதியில மதகு திறக்கறது, என்ன நெல்லு போடறது. தண்ணி பாதிதான்னா நிலமும் பாதிதான். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நடுவாங்க. ஒருத்தன் முழுசா நட்டு இன்னொருத்தன் வெறும் நிலத்தைப் பார்க்கறது கிடையாது. திறந்ததுக்கப்புறம் முறை வெச்சு விடறது நீர்க்கட்டியோட வேலை. அவர் மண்வெட்டியோட ராத்திரி பகலா வாய்க்கால்லயே நடப்பார். அவர் சொல்ற முறைதான் முறை. அறுவடையில அவருக்கு நெல்லு அளப்பாங்க.

கலிஃபோர்னியாவுல ரெண்டு ஊர்

இப்போ ஒரு தாவு தாவறேன், கூடவே வாங்க. என் காலேஜ் ஃபிரெண்டு ஒருத்தன் கலிஃபோர்னியாவுல ஃப்ரெஸ்னோ பக்கம் இருக்கான். ஒருநாள் ஒரு போட்டோ அனுப்பினான். திராட்சைக் கொடி வரிசைக்கு நடுவுல, தரையில காகிதம் விரிச்சு, திராட்சையைக் காயப்போட்டிருக்காங்க. "உங்க ஊர் ரோடு மாதிரி இருக்குடா"ன்னு எழுதியிருந்தான். ஊர் பேர் டைனுபா. சின்ன விவசாய நகரம்.

அந்த ஊர் பேரைத் தேடினப்போதான் ஒரு பழைய ஆய்வு கிடைச்சது. 1944ல வால்டர் கோல்ட்ஷ்மிட்னு ஒரு மானிடவியலாளர், அமெரிக்க வேளாண் துறைக்காக ரெண்டு ஊரை ஒப்பிட்டார். ஒண்ணு டைனுபா. இன்னொண்ணு அதே பள்ளத்தாக்குல ஆர்வின். ரெண்டு ஊர்லயும் விளைச்சலோட மொத்த மதிப்பு ஏறக்குறைய ஒண்ணுதான். வித்தியாசம் நிலம் எப்படிப் பிரிஞ்சிருக்குங்கறதுல. டைனுபாவுல பண்ணையோட சராசரி அளவு அறுபது ஏக்கருக்கும் கீழ. ஆர்வின்ல ஐந்நூறு ஏக்கர் வாக்குல.

ரெண்டு ஊரும் எப்படி இருந்தது? டைனுபாவுல கடை கண்ணி அதிகம். பள்ளிக்கூடம் அதிகம், பூங்கா அதிகம், சங்கங்கள் அதிகம். ஊர் விஷயத்தை ஊர்க்காரங்களே முடிவு பண்ண அமைப்பு இருந்தது. ஆர்வின்ல உழைக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க கூலிக்காரங்க. ஊர்ல பணம் விளைஞ்சது, ஆனா ஊர்ல தங்கல.

இது அரசியலா பெரிய சூட்டைக் கிளப்பிச்சு. பெரிய பண்ணைக்காரங்களுக்குப் பிடிக்கல. அடுத்த கட்ட ஆய்வையே நிறுத்திட்டாங்க. அப்புறம் வந்த ஆய்வாளர்கள் ஒத்துக்கிட்டும் மறுத்தும் எழுதியிருக்காங்க. முழுசா எடுத்துக்க வேண்டாம். எனக்கு அதுலேர்ந்து கிடைச்சது ஒரு கேள்விதான். ஒரு விவசாய ஊர்ல ஜனங்க ஒண்ணா இருக்காங்கன்னா, அது அவங்க நல்ல மனசாலயா? இல்ல, நிலமும் தண்ணியும் பிரிஞ்சு கிடக்கற விதத்தாலயா?

நல்ல மனசு எல்லா ஊர்லயும் இருக்கு. எங்க ஊரோட அனுபவத்தை வெச்சுப் பார்த்தா, ரெண்டாவதுக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன்.

மோட்டார் வந்தது

ஏன்னா எங்க ஊர்ல கூட்டம் நின்னது சண்டையால இல்ல. மோட்டாரால.

முதல்ல கிணத்துல ஆயில் இன்ஜின். அப்புறம் கரண்ட் மோட்டார். அப்புறம் போர். விவசாயத்துக்குக் கரண்டும் இலவசமாச்சு. தப்பு சொல்லல, அந்த போர் இல்லன்னா எங்க வீட்டுல நவரையே கிடையாது, என் காலேஜ் ஃபீஸும் கிடையாது. ஆனா என்ன ஆச்சுன்னா, தலைமடையில போர் போட்டவருக்கு மதகு எப்போ திறந்தா என்ன? கூட்டத்துக்கு வர்றது நின்னது. வாய்க்கால் தூர் வார ஆள் கேட்டா, "எனக்கு எதுக்கு?"ன்னார். நியாயமான கேள்விதான். கூட்டத்துக்கு வந்தவங்கள்ல கடைமடைக்காரங்க மட்டும் மிஞ்சினாங்க. அவங்க சொல்றதை யார் கேட்பா? நீர்க்கட்டிக்கு நெல்லு அளக்கறதும் நின்னது.

இத்தனைக்கும், ஏரித் தண்ணிதான் கீழ இறங்கி போர்ல ஊறுது. ஏரி வத்தினா ரெண்டு வருஷத்துல போரும் இறங்கும். கூட்டாத்தான் குடிக்கறோம், ஆனா தனியாக் குடிக்கற மாதிரி ஒரு நினைப்பு. மோட்டார் கொடுத்தது தண்ணி மட்டும் இல்ல, அந்த நினைப்பும்தான்.

அரசாங்கம் சும்மா இல்ல. 2000த்துல ஒரு சட்டம் வந்தது, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம்னு தேர்தல் வெச்சாங்க. 2017ல குடிமராமத்துன்னு பழைய பேர்லயே ஒரு திட்டம். இப்போ எங்க ஏரியைத் தூர் வாரி, கரையைப் பலப்படுத்தி, புது ஷட்டர் போட சுமார் 120 கோடி ரூபாயில வேலை எடுத்தாங்க. நல்ல வேலை, தேவையான வேலை. ஆனா ஏரிக்குள்ள இயந்திரம் இறங்கணும்னா தண்ணியைத் தேக்க முடியாது. அந்த வருஷங்கள்ல போர் இல்லாத வயல் தரிசாக் கிடந்தது. தரிசாக் கிடக்கற வயலுக்குத்தான் மனைக்காரங்க முதல்ல வருவாங்க. எங்களுக்கும் அப்படித்தான் வந்தாங்க.

யார் ஊர்?

இதுவரைக்கும் கேட்டா, அந்தக் காலம் சொர்க்கம்னு நான் சொல்ற மாதிரி இருக்கும். இல்ல. இங்க ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா இந்த எபிசோடு பொய்யாயிடும்.

அந்த நீர்க்கட்டி எங்க தெருவுக்காரர் இல்ல. காலனிக்காரர். அந்தக் காலத்துல சேரின்னு சொல்வாங்க. ராத்திரி பகலா எல்லார் வயலுக்கும் முறை பிரிச்சு விட்டவருக்கு, அந்த ஆயக்கட்டுல ஒரு சென்ட் நிலம் கிடையாது. கூட்டத்துல தாத்தா திண்ணையில உட்கார்ந்திருப்பார், அவர் வாசல்ல நிப்பார். இப்போ இருக்கற பாசன சங்கத்துலயும் ஆயக்கட்டுல நிலம் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் ஓட்டு. நாத்து நடற அம்மாக்களுக்கு இல்ல.

நிலம் இல்லாமப் போனதுக்கும் நம்ம மாவட்டத்துல ஒரு வரலாறு இருக்கு. 1891ல செங்கல்பட்டு கலெக்டரா இருந்த ட்ரெமென்ஹீர், இங்கத்தப் பறையர் மக்களோட நிலைமையை விவரமா எழுதி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதோட பலனா 1892ல அவங்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம்னு நாம சொல்றது அதுதான். மத்தவங்களுக்கு விக்கக்கூடாதுங்கறது நிபந்தனை. ஆனா கை மாறினது. 1994ல மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமத்துல பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நடந்தது. அதையொட்டி அக்டோபர் 10ஆம் தேதி நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் செத்துப்போனாங்க. இ.சி.ஆர்ல வீக்எண்ட் போற நாம அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போறோம்.

டைனுபாவுலயும் திராட்சை பறிக்கக் கூலியாட்கள் வேணும். எந்த ஊரா இருந்தாலும், "எங்க ஊர் ரொம்ப ஒத்துமை"ன்னு ஒருத்தர் சொன்னா, அந்த ஒத்துமையோட கணக்குல யார் யார் சேர்ந்திருக்காங்கன்னு கேட்டுக்கணும்.

அந்த நீர்க்கட்டியோட பேரன் என் ஸ்கூல்மேட். ஒரே பெஞ்சு. இப்போ அறுவடை மெஷின் ஓட்டறான். சீசன்ல திருவண்ணாமலை வரைக்கும் போவான். இதையெல்லாம் படிச்சுட்டு அவன்கிட்ட உணர்ச்சிவசப்பட்டுப் பேசினேன். "ஏரி நம்மளை எல்லாம் ஒண்ணா வெச்சிருந்துதுடா"ன்னேன். சிரிச்சான். "உங்களை ஒண்ணா வெச்சிருந்தது எங்க தாத்தாடா, ஏரி இல்ல"ன்னான்.

நான் ஒண்ணும் பேசல. அவன் சொன்னது சரி.

அந்த வாய்க்கால்

இப்போ பெரியவர் கேட்ட வாய்க்காலுக்கு வரேன்.

ஆன்லைன்ல எங்க நிலத்தோட எஃப்.எம்.பி., அதாவது புல வரைபடம் எடுத்துப் பார்த்தேன். பெரிய வாய்க்கால் புறம்போக்குன்னு தனி எண்ணோட இருக்கு. அது எங்க நிலத்துக்கு வெளியே. எங்க நிலத்துக்குள்ள ஒரு கோடும் இல்ல. சரி, நேர்ல போய்ப் பார்ப்போம்னு அப்பாவை பைக்ல உட்கார வெச்சு வயலுக்குப் போனேன்.

கிழக்கு வரப்பு ஓரமா, ரெண்டு அடி அகலத்துல ஒரு கால். புல்லு மூடிக் கிடந்தது. நான் சின்ன வயசுல மீன் பிடிச்ச இடம். எங்க நிலம்னுதான் நினைச்சிருந்தேன். எங்க நிலம்தான். ஆனா அதுல போற தண்ணி எங்களுக்கு இல்ல; எங்களுக்கு மேல் பக்கத்துலேர்ந்தே வந்துடும். அது கீழ இருக்கற ஏழு வயலுக்குப் போறது. அப்பா கை நீட்டி ஒவ்வொண்ணா சொன்னார், இது இன்னார் வயல், அது இன்னார் வயல்னு. அதுல நாலு பேருக்கு போர் கிடையாது.

எந்த ரெக்கார்டுலயும் இல்லாத கால். என் தாத்தாவோட அப்பாவும் அவங்க தாத்தாவும் பேசி வெச்சுக்கிட்டது. லேஅவுட் போடறவர் எஃப்.எம்.பி.யைத்தான் பார்ப்பார். அதுல இல்லாததை மண் அடிச்சு நிரவிடுவார். அவர் மேல தப்பு இல்ல. ஏழு வயல் ஒரே நாள்ல மானாவாரி ஆயிடும். அப்புறம் அந்த ஏழு பேரும் விக்கத்தான் வேணும், அதுவும் கேட்ட விலைக்கு. என் எக்செல் ஷீட்டுல இதுக்கு ஒரு செல் இல்ல.

ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். அவர் சொன்னது உங்களுக்கும் உபயோகப்படும். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், ஈஸ்மென்ட் சட்டம்னு சொல்வாங்க, அதுப்படி ஒருத்தர் இன்னொருத்தர் நிலம் வழியா இருபது வருஷம் தடையில்லாம, உரிமையோட தண்ணி கொண்டு போயிருந்தா, அது அவருக்கு உரிமையாயிடும். ரெக்கார்டுல இல்லன்னாலும். ஆனா அதை நிரூபிக்க கோர்ட்டுக்குப் போகணும். எழுபது வயசுப் பெரியவர் மனைக்காரரை எதிர்த்து எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு நடப்பார்? அதனாலதான் அவர் கோர்ட்டுக்குப் போகாம எங்க திண்ணைக்கு வந்திருக்கார்.

வீட்டுக்கு வந்து திரும்ப நாலு பேரும் பேசினோம். அக்கா போன்ல. அவளுக்கு வித்துடலாம்ங்கற எண்ணம் இன்னும் இருக்கு, அவ காரணமும் நியாயமானது. அப்பா கடைசியா ஒண்ணுதான் சொன்னார். "நிலம் நம்மளுது. தண்ணி நம்மளுது இல்ல. வித்தாலும் நம்மளுதைத்தான் விக்க முடியும்."

முடிவு இது. இந்த வருஷம் விக்கல. நிலத்தைக் குத்தகைக்கு விடறோம், என் ஸ்கூல்மேட்டுக்கு. அவனே கேட்டான், மெஷின் ஓட்டற காசுல ஒரு போகம் தானே பயிர் வெச்சுப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசையாம். குத்தகை எவ்வளவுன்னு பேசறப்போ அவன் எங்க வீட்டுத் திண்ணையிலதான் உட்கார்ந்திருந்தான், அப்பாவுக்குப் பக்கத்துல. இன்னொண்ணு, கிழக்கு வரப்பு ஓரமா தண்ணி போற உரிமை கீழ் வயல்காரங்களுக்கு உண்டுன்னு ஒரு பத்திரம் எழுதிப் பதிவு பண்ணப் போறோம். நாளைக்கு நாங்களே வித்தாலும், வாங்கறவருக்கு அது தெரிஞ்சிருக்கும்.

இதை தியாகம்னு நினைக்காதீங்க. அடுத்த வருஷம் நாங்க வித்தாலும் விப்போம். ரெண்டு அடியை விட்டுட்டு விப்போம், அவ்வளவுதான்.

உங்கள்ல நிறைய பேருக்கு ஊர்ல அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ இருக்கும், விக்கலாமா வேணாமான்னு பேச்சும் ஓடிக்கிட்டு இருக்கும். உங்க முடிவு உங்களுது. ஒண்ணு மட்டும் செய்யுங்க. எஃப்.எம்.பி.யை எடுத்துக்கிட்டு, ஊர்ல வயசான ஒருத்தரோட ஒரு தடவை வயலைச் சுத்தி நடங்க. "இதுல தண்ணி எங்கேர்ந்து வருது, எங்க போகுது"ன்னு கேளுங்க. வரைபடத்துல இல்லாத கோடு ஏதாவது இருந்தா, அதை வரைஞ்சு வெச்சுக்குங்க. அந்தப் பெரியவர் இருக்கற வரைக்கும்தான் அது யாருக்காவது தெரியும்.

அப்பா முட்டிக்கு வைத்தியம் ஆரம்பிச்சாச்சு. புல்லு மூடின காலை போன ஞாயித்துக்கிழமை நானும் ஸ்கூல்மேட்டும் வெட்டினோம். கையில ரெண்டு கொப்புளம். பெரியவர் வந்து பார்த்துட்டு, "இன்னும் அரை அடி ஆழம் வேணும்"னுட்டுப் போயிட்டார்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம். உங்க ஊர் ஏரியைப் பத்தி ஏதாவது இருந்தா, குரல் பதிவா அனுப்புங்க.